தலையெழுத்து

தஞ்சாவூர் மேலவீதியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ரயில்வே மெயில் ஸர்வீஸில் ஸார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற ரயிலில், தபால் வண்டிக்குள் நின்றபடியே, மாயவரத்துக் கடிதத்தை மாயவரத்து அறையிலும் கும்பகோணத்துக் கடிதத்தைக் கும்பகோணத்து அறையிலும் வீசி வீசியே பாதி ஆயுளைக் கழித்தவர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் வீதியில் யாருக்கும் அது ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவர் ‘ஸார்ட்டர் சார்’தான்.

போன தை மாதம் ஒரு நாள் காலையில், நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். மடிப்பெல்லாம் நைந்து, பிரித்தால் கிழிந்துவிடும் போல இருந்தது.

“தம்பி, வீட்டுப் பத்திரம் தேடறப்போ அகப்பட்டது. நீதான் கம்ப்யூட்டர்லேயே கதை எழுதறியே, இது என்னன்னு பாரு.”

பார்த்தேன். 2006-ஆம் வருஷம் ஏதோ ஒரு பிரௌஸிங் சென்டரில் அச்செடுத்த ஈமெயில். வெளிநாட்டில் இருக்கும் அவர் பிள்ளை அனுப்பியது. மேலே பத்துப் பன்னிரண்டு வரி ஆங்கிலம்: யாரிடமிருந்து, யாருக்கு, என்ன தேதி. பிறகு ‘சப்ஜெக்ட்’ என்று போட்டு, அதற்கு எதிரே ஒரு சமக்குறி, ஒரு கேள்விக்குறி, அப்புறம் எண்ணும் எழுத்தும் கலந்து, பூனை ஹார்மோனியத்தின் மேல் நடந்தது போல ஒரு நீளமான வரி. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் வெள்ளைக் காகிதம்.

“அப்போ எங்களுக்குள்ளே பேச்சில்லை. நிலத்தை விற்கப் போறேன், நீ என்ன சொல்றேன்னு கேட்டு சென்டர் பையனை விட்டு எழுதச் சொன்னேன். இதுதான் வந்தது. வெறும் காகிதத்தை அனுப்பியிருக்கான்னு நினைச்சுண்டேன்” என்றார்.

காகிதத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அதில் என்ன இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதைப் படிப்பதற்காக நான் ஒரு மாதம் தேடித் தெரிந்துகொண்ட கதை ஒன்று இருக்கிறது. கடிதத்தின் தலையைப் பற்றிய கதை அது.

கடிதத்துக்குத் தலை உண்டு என்பதை நம்மூர் மனுவைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாசில்தாருக்கு வாய்க்கால் தகராறு பற்றி எழுதினாலும் சரி, கலெக்டருக்குப் பயிர் இழப்பு பற்றி எழுதினாலும் சரி, முதலில் ‘அனுப்புநர்’, அப்புறம் ‘பெறுநர்’, அப்புறம் ‘பொருள்’. முன்பே ஒரு கடிதப் போக்குவரத்து இருந்தால் ‘பார்வை’ என்று போட்டு, அதன் எண்ணையும் தேதியையும் குறிக்க வேண்டும். இவ்வளவும் ஆன பிறகுதான் நம் அழுகை. ஆபீஸில் இருப்பவர் அழுகையைப் படிப்பாரோ மாட்டாரோ, தலையைக் கட்டாயம் படிப்பார். எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்பதை அதுதானே சொல்கிறது?

தலையைப் படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தஞ்சாவூரிலேயே பெரிய சாட்சி நிற்கிறது. ராஜராஜன் தன் கோயில் சுவரில் யார் யாருக்கு என்ன கொடுத்தான் என்பதையெல்லாம் வெட்டி வைத்தான். கல்வெட்டின் தலையில் மெய்க்கீர்த்தி. அவன் வென்ற நாடுகளின் வரிசை, அப்புறம் அவன் பெயர், அப்புறம் ஆட்சி ஆண்டு. அதாவது அனுப்புநரும் தேதியும். கோயில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் கலசம் கொடுத்தது, ஆண்டு இருபத்தைந்து, நாள் இருநூற்று எழுபத்தைந்து என்று நாள் கணக்குக்கூடத் தவறவில்லை. நம் கணக்கில் அது 1010-ஆம் வருஷம்.

ஆனால் எழுத்து மாறிவிட்டது. கல்வெட்டில் புள்ளி வைப்பது அபூர்வம். எகரம் ஏகாரம் வித்தியாசம் கிடையாது. நாலைந்து நூற்றாண்டுகளில் ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவர் இல்லாமற் போனார்கள். கோயிலைக் கட்டியது கரிகாலச் சோழன் என்று ஸ்தல மாஹாத்மியம் சொல்லிற்று, ஊரும் நம்பிற்று. 1880-களின் கடைசியில், சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டு நிபுணராக இருந்த ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் அந்தத் தலையைப் படித்துச் சொன்ன பிறகுதான் கட்டியவன் பெயர் கட்டியவனுக்குத் திரும்பிற்று. தினமும் பிரதட்சிணம் வந்தவர்களின் தோளுக்கு நேரே அந்தப் பெயர் இருந்துகொண்டேதான் இருந்தது. படிக்கத்தான் ஆளில்லை.

இரண்டாவது சாட்சி ஸார்ட்டர் சாரின் உத்தியோகம். இந்தியாவில் ஒரு கடிதத்தின் விலாசம் பத்துப் பதினைந்து லிபிகளில் ஏதோ ஒன்றில் இருக்கலாம். தமிழில் ‘நல்லூர்’ என்று எழுதிப் பாட்னாவில் பெட்டியில் போட்டால், அங்கே இருக்கிற ஸார்ட்டர் என்ன செய்வார்? தமிழே தெரிந்த ஸார்ட்டரானாலும் எந்த நல்லூர் என்று விழிப்பார். நம் ஜில்லாப் பக்கத்திலேயே நல்லூருக்குப் பஞ்சமா என்ன? 1972-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி இதற்கு ஒரு பரிகாரம் வந்தது. ஆறு இலக்கப் பின்கோடு. அதை வகுத்தவர் தபால் இலாகாவில் பெரிய அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர், ஸம்ஸ்கிருதக் கவியும்கூட. 613 என்று தொடங்கினால் தஞ்சாவூர்ப் பக்கம். மிச்ச விலாசம் எந்த லிபியில் இருந்தாலும் கவலையில்லை. எல்லோருக்கும் தெரிந்த சின்னஞ்சிறு எழுத்துக் கூட்டத்துக்குள், அதாவது பத்து இலக்கங்களுக்குள், தலையைச் சுருக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த யுக்தியை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. மின்னஞ்சலும் இதே யுக்தியைத்தான் கையாண்டது.

மின்னஞ்சல் பிறந்தது 1971-இல். அமெரிக்காவில் ரே டாம்லின்ஸன் என்பவர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு ஒரு செய்தியை அனுப்பிப் பார்த்தார். விலாசத்துக்கு நடுவே இன்று நாம் போடும் சுழித்த ‘அட்’ குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். ஆனால் ஆளுக்கு ஒரு விதமாகத் தலையை எழுதிக்கொண்டிருந்தால் இயந்திரம் எப்படிப் புரிந்துகொள்ளும்? 1973-ஆம் வருஷம் செப்டம்பரில் நாலு பேர் சேர்ந்து ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். யாரிடமிருந்து, தேதி, பொருள், இவற்றை இப்படி இப்படி எழுத வேண்டும். தலை முடிந்ததற்கு அடையாளமாக ஒரு வரி காலியாக விட வேண்டும் என்பது அதன் சாரம். அந்த நால்வரில் டாம்லின்ஸன் ஒருவர். இன்னொருவர் அபய் பூஷண், அலஹாபாத்தில் பிறந்தவர், கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் கோஷ்டியில் 1965-இல் தேறி அமெரிக்கா போனவர். உலகத்து மின்னஞ்சலுக்கெல்லாம் தலை வகுத்தவர்களில் ஒருவர் கங்கைக் கரைக்காரர் என்று அறிந்தபோது எனக்கு அல்ப சந்தோஷமாகத்தான் இருந்தது.

1982-இல் டேவிட் கிராக்கர் என்பவர் இந்த விதிகளை விரிவாகத் தொகுத்தார். அதில் நம் மனுவின் உறுப்புகள் எல்லாமே இருந்தன. ஒவ்வொரு கடிதத்துக்கும் தனியாக ஓர் அடையாள எண் உண்டு. பதில் எழுதும்போது ‘இன்ன எண்ணுள்ள கடிதத்துக்குப் பதில்’ என்று குறிக்க ஒரு வரி உண்டு. நம்முடைய ‘பார்வை’யேதான் அது.

எல்லாம் சரி. ஒரு குறை மட்டும். தலையில் எழுத ஆஸ்கி என்ற 128 குறிகளுக்குத்தான் அனுமதி. ஆங்கில எழுத்து, எண், சில நிறுத்தற்குறிகள், அவ்வளவுதான். மற்றவற்றை வழியில் இருக்கும் இயந்திரங்கள் சிதைத்துவிடும். தமிழுக்கு மட்டுமல்ல, பிரெஞ்சுக்காரர் பெயரின் மேல் இருக்கிற ஒரு சின்னக் கோட்டுக்குக்கூட இடமில்லை. ஜப்பானியரும் நமக்கு முன்பே இந்தச் சங்கடத்தில் தவித்தவர்கள்.

1992-இல் கீத் மூர் என்பவர் வழி கண்டார். 1996 நவம்பரில் அது இன்றைய உருவம் பெற்றது. பழைய இயந்திரங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அவற்றுக்குத் தெரிந்த எழுத்திலேயே நம் எழுத்தைப் பொட்டலம் கட்டிவிடலாம் என்பது அவர் எண்ணம். பொட்டலத்தின் தொடக்கத்தில் ஒரு சமக்குறியும் கேள்விக்குறியும். அடுத்து, உள்ளே இருப்பது எந்த எழுத்து முறை என்பதன் பெயர். அடுத்து, எந்த விதமாகக் கட்டியிருக்கிறது என்பதற்கு ‘பி’ அல்லது ‘க்யூ’ என்று ஓர் எழுத்து. அப்புறம் சரக்கு. கடைசியில் கேள்விக்குறியும் சமக்குறியும். மொத்தப் பொட்டலம் 75 குறிகளுக்கு மேல் போகக் கூடாது. போனால் இன்னொரு பொட்டலம் கட்ட வேண்டும்.

‘பி’ முறையில் ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, எண் 10, கூட்டல் குறி, சாய்கோடு, ஆக 64 குறிகள்தான் புழங்கும். சரக்கின் மூன்று பைட்டு நாலு குறியாக மாறும். எந்த மூட்டையில் போட்டாலும், எத்தனை கை மாறினாலும், கசங்காமல் போய்ச் சேரும். பின்கோடு மாதிரியேதான். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் பிரிக்கத் தெரிய வேண்டும்.

தமிழர்கள் இந்த வழியில் உடனே ஏறிவிடவில்லை. இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்டு 15-ஆம் தேதிதான். அதற்குள் கடல் கடந்த தமிழர்கள் பரபரத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்விட்ஸர்லாந்தின் லோஸான் நகரில் ரஸாயன விஞ்ஞானியான கல்யாணசுந்தரம் ‘மயிலை’ என்ற எழுத்துருவைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ செய்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ செய்தார். கோவிந்தசாமி என்னைப் போலக் கதை எழுதுகிறவர். கதை எழுதுகிறவன் கம்ப்யூட்டருக்கு எழுத்தும் செய்தான் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. 1999-இல் அவர் காலமாகிவிட்டார். ஆஸ்திரேலியாவில் ஸிட்னியிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட்டில், தேசம் தேசமாகச் சிதறிக் கிடந்தவர்கள் தமிழிலேயே கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் ஒரு வேடிக்கை. ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு முறை. ஒருவர் ‘க’ என்று வைத்த இடத்தில் இன்னொருவர் ‘று’ என்று வைத்திருப்பார். ஒற்றுமைக்காகத் ‘தஸ்கி’ என்ற பொது முறையைக் கூடிப் பேசி வகுத்தார்கள். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ என்று வேறு இரண்டை ஏற்றது. இவற்றில் எதற்கும் உலகப் பதிவேட்டில் பெயர் கிடையாது. பொட்டலத்தின் மேல் எழுத்து முறையின் பெயரைப் போட வேண்டும் அல்லவா? பெயரில்லாதவன் என்ன செய்வான்? ஐரோப்பிய எழுத்தின் பெயரைப் போட்டோ, ‘உபயோகிப்பவர் இஷ்டம்’ என்று பொருள்படும் ஒரு பெயரைப் போட்டோ அனுப்பினார்கள். உள்ளே தமிழ், மேலே பொய்ச் சீட்டு. பிரிக்கிற இயந்திரம் சீட்டை நம்பிப் பிரித்தது, வந்தது குப்பை. தஸ்கி முறையாகப் பதிவானது 2007-இல். அதற்குள் அதன் காலமே முடிந்துகொண்டிருந்தது.

அதனால் அந்த நாளில் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. கடிதத்தின் உடலைத் தமிழில் எழுதுவார்கள். தலையை மட்டும் ஆங்கில எழுத்தில் தமிழாக, ‘வணக்கம்’, ‘நலமா’ என்று அடித்துவிடுவார்கள். வெள்ளைக்காரன் பங்களாவில் நுழையும்போது கட்டிக்கொள்ளும் இரவல் தலைப்பாகை மாதிரி.

யூனிகோட் வந்துதான் வழக்குத் தீர்ந்தது. 1991-லேயே அதில் தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். 1992-இல் கென் தாம்ஸனும் ராப் பைக்கும் ஒரு சாப்பாட்டு விடுதியில் மேஜைக் காகிதத்தின் மேல் எழுதிக் கண்டுபிடித்த ‘யூடிஎஃப்-8’ முறையில், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது. 2012-இல் தலையிலேயே நேராகத் தமிழ் எழுதலாம் என்றும் விதி வந்துவிட்டது. ஆனால் ஸார்ட்டர் சாரின் காகிதம் 2006-ஐச் சேர்ந்தது. பொட்டலம் பொட்டலமாகவே அச்சாகியிருந்தது.

என் அக்காள் மகள் பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறாள். பொங்கலுக்கு வந்திருந்தவளிடம் காகிதத்தைக் காட்டினேன்.

“இது ஒண்ணுமே இல்லை மாமா. ரெண்டு நிமிஷம்” என்றாள்.

“எனக்கு ரெண்டு நிமிஷம் வேண்டாம். எப்படின்னு சொல்லு” என்றேன். காலேஜைப் பாதியில் விட்டவனுக்கு இந்த மாதிரி வீம்பு எல்லாம் உண்டு.

அவள் என் கம்ப்யூட்டரில் ‘ஈமேக்ஸ்’ என்ற ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். 1970-களில் பிறந்த பழைய சரக்கு. அதில் கடிதம் படிக்கலாம். அதைவிட, கடிதத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று அதற்கு நாமே உத்தரவு எழுதலாம். ‘லிஸ்ப்’ என்ற பாஷையில் எழுத வேண்டும். பாஷை முழுவதும் அடைப்புக்குறி. கல்யாணச் சாப்பாட்டில் இலைக்குள் இலை போட்டது போல இருக்கும்.

“முதல்லே காலி வரி எங்கே இருக்குன்னு பாருங்க. அதுக்கு மேலே தலை, கீழே உடம்பு. தலையிலே ஒரு வரி நீளமா இருந்தா மடிச்சு அடுத்த வரியிலே, கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதியிருக்கும். அதை நீட்டி ஒண்ணாக்குங்க. அப்புறம் வேணுங்கிற வரியை மட்டும் பேர் சொல்லி எடுங்க. எடுத்த அப்புறம்தான் பொட்டலத்தைப் பிரிக்கணும்.”

“முதலிலேயே எல்லாத்தையும் பிரிச்சுட்டா?”

“கூடாது மாமா. அனுப்பினவர் பேர் ‘சுந்தரம், கண்டியூர்’னு பொட்டலத்துக்குள்ளே இருக்குன்னு வெச்சுக்கோங்க. முதல்லே பிரிச்சுட்டு அப்புறம் காற்புள்ளியிலே வெட்டினா, ஒருத்தர் ரெண்டு பேராயிடுவார். முதல்லே வெட்டு, அப்புறம் பிரி.”

ரெண்டு பொட்டலம் அடுத்தடுத்து வந்தால் நடுவே இருக்கிற இடைவெளியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றாள். சில ஊதாரி இயந்திரங்கள் ஒரு தமிழ் எழுத்தின் மூன்று பைட்டையே இரண்டு பொட்டலத்தில் பிய்த்துப் போட்டுவிடும். அப்போது தனித் தனியாகப் பிரித்தால் எழுத்து உடைந்து வரும். சேர்த்துப் பிரிக்க வேண்டும் என்றாள். கேட்கக் கேட்க எனக்குக் கல்வெட்டுக்காரர்கள் ஞாபகம்தான் வந்தது.

அவள் ஊருக்குப் போன பிறகு காகிதத்தில் இருந்ததை ஒவ்வொரு குறியாக அடித்தேன். இயந்திரத்திடம் விடுவதற்கு முன்னால் பென்ஸிலால் ஒரு வார்த்தையையாவது நானே படிக்க வேண்டும் என்று ஆசை. உற்றுப் பார்த்தால் அந்தக் குப்பையில் ஒரு தாளம் இருந்தது. தமிழில் குறிக்கு மூன்று பைட்டு, மூன்று பைட்டுக்கு நாலு எழுத்து. அதனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ‘நாலு, கே, ஆறு’ என்றோ ‘நாலு, கே, கூட்டல்’ என்றோதான் தொடங்கும். நாலாவது எழுத்துதான் எந்தக் குறி என்று சொல்லும். முதல் நாலாவது ‘ஒன்று’: அது வகரம். அடுத்தது சாய்கோடு: இகரக் குறி. சேர்த்தால் ‘வி’. அடுத்தது சின்ன ‘எக்ஸ்’: றகரம். அடுத்து, கூட்டலுக்குப் பின் பெரிய ‘என்’: அது புள்ளி. அப்புறம் பெரிய ‘வி’: ககரம்.

‘விற்க.’

பென்ஸிலைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு தாளம் மாறியிருந்தது. வார்த்தைக்கு நடுவே விடும் இடைவெளிக்கு ஒரே பைட்டு; அதனால் எல்லாம் ஓர் அடி தள்ளிப் போயிருந்தது. மிச்சத்தை ஈமேக்ஸிடமே விட்டேன்.

‘விற்க வேண்டாம்.’

பையன் எல்லாவற்றையும் பொருள் வரியிலேயே எழுதிவிட்டு, உடலைக் காலியாக விட்டிருக்கிறான். கோபத்தில் இருந்த பிள்ளைக்கு அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை போலிருக்கிறது. அப்பா அதைப் படிக்கவில்லை. குடமுருட்டிக் கரையில் கண்டியூர்ப் பக்கம் ஒன்பது மா, அந்த ஆனியிலேயே விலையாகிவிட்டது. இப்போது அங்கே வெள்ளையடித்த மனைக்கற்கள் வரிசையாக நிற்கின்றன. சொல்லியும் விற்றாரே என்று பிள்ளையும், கேட்டும் பதிலில்லையே என்று தகப்பனாரும் அந்தப் பேச்சையே எடுக்காமல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் டெலிபோனில் உடம்பையும் மழையையும் பற்றி மட்டும் பேசிக்கொள்வார்களாம்.

சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு ஒரு காகிதத்தில் அந்த இரண்டு வார்த்தைகளையும் எழுதிக்கொண்டு போனேன். ஸார்ட்டர் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். வெகுநேரம் பேசவில்லை.

“ஸார்ட்டிங்லே ஒரு வழக்கம் உண்டு தம்பி” என்றார் கடைசியில். “படிக்க முடியாத விலாசம் வந்தா நாங்க எறிஞ்சுட மாட்டோம். தனியா ஓர் அறையிலே போட்டுட்டு, கடைசி ஸ்டேஷன் வரதுக்குள்ளே இன்னும் ரெண்டு பேர்கிட்டேயாவது காட்டிடுவோம். யாராவது ஒருத்தன் படிச்சுடுவான். இதை மட்டும் நான் யார்கிட்டேயும் காட்டலே.”

நான் என்ன சொல்ல?

“இதுக்கு இப்போ பதில் போட முடியுமா? ‘பார்வை’ன்னு போட்டு, இந்தப் பழைய கடிதத்து நம்பரையே குறிச்சு?”

போடலாம் என்றேன். காகிதத்தின் தலையில் அந்தக் கடிதத்தின் அடையாள எண் இருந்தது. ஈமேக்ஸில் தலை வரிகளை நாமே எழுதலாம். பையனின் விலாசமும் மாறவில்லை. அவரை என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, பதில் வரியில் அந்த எண்ணை அடித்தேன். பொருள் என்ன போடட்டும் என்று கேட்டேன்.

“‘இன்றுதான் படித்தேன்’னு போடு” என்றார்.

“கீழே?”

“கீழே ஒண்ணும் வேண்டாம். அவன் தலையைப் படிப்பான்.”